கல்லி காலியான கதை

வரைபடம் வரைவது எளிது. வரைந்த வரைபடத்தை அடுத்த ஆண்டும் உயிரோடு வைத்திருப்பதுதான் இத்தொழிலின் முழுச் சங்கடமும்.

இதைச் சொல்லும் நான் பொறியாளர் அல்லேன். மாநகராட்சிப் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, செம்பூரில் மாலை நடையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையுமாக வாழ்ந்துகொண்டிருந்தவள். என்னிடம் படித்த பிரான்சிஸ் இப்போது தாராவியில் ஓர் அறக்கட்டளையின் செயலாளர். படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பிப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் அவ்வறக்கட்டளையின் பணி. எந்த நோயாளி எந்தச் சந்தில், எந்த ஏணிக்கு மேலே இருக்கிறார் என்பது முழுவதும் எஸ்தர் என்னும் ஒரே செவிலியின் தலைக்குள் இருந்தது. அந்த எஸ்தருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. அத்தலை விமானம் ஏறுவதற்குள் அதில் உள்ளதைக் கணினிக்குள் இறக்கிவிட வேண்டும், இல்லையேல் நோயாளிகளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பிரான்சிஸ் பதறினான். கொடையாளர் ஒருவர் பணம் தந்தார். பெயர்களைப் பிழையின்றித் தமிழில் எழுதித்தர நான் அழைக்கப்பட்டேன். "ரெண்டு வாரம் வந்து கொஞ்சம் பாத்துக் குடுங்க டீச்சர்" என்றான். ஓய்வு பெற்றபின் இத்தகைய 'கொஞ்சம்' ஒன்றுக்குத் தலையாட்டிவிட்ட அன்பர்கள் எல்லாரும் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தே இதைப் படிக்கிறார்கள் என்று கொள்கிறேன்.

பெயரெச்சம்

வரைபடப் பொறியாளராக வந்தவர் விக்னேஷ். இவரும் செம்பூரில் பிறந்து வளர்ந்தவரே. தமிழைத் தங்குதடையின்றிப் பேசுவார். ஆனால் அதில் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. தமக்குத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை எழுதுவித்துக் கதவில் மாட்டியிருந்தார். 'நிலைத்த புவியியல் தகவல் அமைப்பு' என்றிருந்தது. நான் உள்ளே நுழைவதற்கு முன்பே அதன் முன் நின்றுவிட்டேன்.

"'நிலைத்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். உள்ளே கணினி வைக்க மேசைகூட வரவில்லை. அதற்குள் எப்படி நிலைத்தது? 'நிலைக்கும்' என்று எதிர்காலத்தில் எழுதுங்கள். அதற்கும் உறுதி சொல்ல முடியாதென்றால் 'நிலைக்கத்தக்க' என்று எழுதிவிடுங்கள்" என்றேன். விக்னேஷ் மிகப் பணிவோடு கேட்டுக்கொண்டார். பலகையைக் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்தும் வைத்தார். பிறகு சொன்னார்: "பேரு எந்த டென்ஸ்ல இருந்தாலும் ஓகே மேம். ஃபண்டு ரெண்டு வருஷம்தான்."

ஒரு பொருட் பன்மொழி

வரைபடத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வகைப்பெயர் வேண்டுமாம். சாலை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதைவிட்டு உள்ளே திரும்பியதும் சச்சரவு தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்தாரான எஸ்தர் முடுக்கு என்றார். பிரான்சிஸ் சந்து என்றான். தெருவில் நின்று கேட்டால் எல்லாரும் கல்லி என்கிறார்கள். இந்தியிலிருந்து வந்து நம்மவர் வாயில் இரட்டித்துக்கொண்ட சொல் அது. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே இருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஒரே பொருள் இல்ல டீச்சர்" என்றார் எஸ்தர். "எதிர எதிர ரெண்டு ஆளு உரசாமப் போனா கல்லி. உரசிட்டுப் போனா சந்து. ஒருத்தர் பின்னால போயி வழி விடணும்னா அதுதான் முடுக்கு."

"அப்ப நீ வந்தா எல்லாமே முடுக்குதான்" என்றான் பிரான்சிஸ்.

"செக்ரட்டரி வயித்த மொதல்ல அளந்துட்டு அப்புறம் மேப்பு போடுவோம்" என்றார் எஸ்தர்.

விக்னேஷ் தகராற்றைத் தம் முறையில் தீர்த்துவைத்தார். எல்லாவற்றையும் கல்லி என்றே ஆங்கில எழுத்தில் பதிந்துவிடலாம். தமிழ் எழுத்துக்கு மாற்றும் வேலையைக் கணினியே கண்ணிமைப்பதற்குள் செய்துவிடும் என்றார். அப்படியானால் எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஒளிவுமறைவு அறியாத மனிதர். "அதான் மேம் நானும் யோசிக்கிறேன். மெஷினோட தமிழ் உங்கள விட ஃபாஸ்ட்."

ஏழாம் வேற்றுமை

வேகமாகத்தான் எழுதியது. விக்னேஷ் இந்தி வழக்கப்படி ஒற்றை எல் போட்டுப் பதிந்திருந்ததால், கல்லி என்று வரவேண்டிய இடமெல்லாம் காலி என்று வந்திருந்தது. முதற்கல்லி முதற்காலியாகவும், இரண்டாங்கல்லி இரண்டாங்காலியாகவும் திரையில் ஒளிர்ந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எழுத்துப்பிழை என்று எண்ணியே திருத்தினேன். அதற்குமேல் அதில் ஏதும் இருப்பதாக அன்று எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு இடங்களைச் சரிபார்க்கப் புறப்பட்டோம். ஐந்தாம் கல்லியில் செல்லத்தாய் என்பவரின் வீடு. அவர் கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வின்றிப் படுத்தே இருக்கிறார். கீழே பை தைக்கும் கூடம், மேலே ஏணி வழியாக ஏறினால் அவர்களுடைய ஓர் அறை. அவருக்குப் பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாயைத் தவணை தவறாமல் எஸ்தர் மாற்றிவருகிறார். தவணை கடந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் முற்றினால் என்ன ஆகும் என்பதைச் செல்லத்தாயிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

விக்னேஷ் கைக்கணினியை நீட்டிப் பிடித்து அவ்வீட்டைக் குறித்துக்கொண்டார். தகரக் கூரைகளுக்கு நடுவே செயற்கைக்கோளின் குறி சற்று விலகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. செல்லத்தாய் திரையை எட்டிப் பார்த்தார். அவர் கணவரைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி, கல்லிக்குப் பின்னால் ஓடும் நாலாவில், அதாவது அந்தப் பெரிய சாக்கடையின் நட்டநடுவில் மிதந்தது. இல், கண், இடம் என்று ஏழாம் வேற்றுமைக்கு எத்தனையோ உருபுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்றும் உதவிக்கு வரவில்லை. செல்லத்தாய் சிரிக்காமலே சொன்னார்: "அவுகளால திரும்பிப் படுக்கவே முடியாது டீச்சர். நாலாவரைக்கும் எப்பிடி நடந்து போனாவன்னு அந்தப் பெட்டிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

ஒருமை, பன்மை

அமைப்பு ஓரளவு உருப்பெற்ற நேரத்தில் விக்னேஷ் தம் தங்கையின் திருமணத்துக்குக் கோயம்புத்தூர் போனார். கடவுச்சொல்லும் அவருடன் போயிற்று. வரைபடத்தைத் திறக்க ஒருவராலும் இயலவில்லை. பிரான்சிஸ் தொலைபேசியில் அழைத்தபோது மறுமுனையில் நாதசுரம் மட்டும் தெளிவாகக் கேட்டது. எஸ்தர் எதையும் பொருட்படுத்தாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லா வீடுகளுக்கும் வழக்கம்போல் போய்வந்தார். அவருடைய தலைக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை.

அன்று மாலை பிரான்சிஸை உட்காரவைத்துப் பேசினேன். "ஒருவருக்கு மட்டுமே திறக்கத் தெரிந்தால் அது அறக்கட்டளையின் அமைப்பு அன்று, அவருடைய சொந்தப் பெட்டி. எஸ்தர் என்ற ஒரு தலையில் இருந்ததை விக்னேஷ் என்ற இன்னொரு தலைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவே நடந்திருக்கிறது. கடவுச்சொல் மூவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்" என்றேன். எட்டாம் வகுப்பில் வேற்றுமை உருபைக் கேட்டால் எப்படி விழிப்பானோ அப்படியே விழித்தான். "எல்லாருக்கும் தெரிஞ்சா அதுக்குப் பேரு பாஸ்வேர்டு இல்ல டீச்சர், அனௌன்ஸ்மென்ட்டு."

செயப்பாட்டு வினை

கொடையாளரின் சார்பில் ஓர் அம்மையார் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கென்று சுவரின் பாதியை அடைக்கும் திரையொன்று வாங்கி மாட்டினார்கள். அறிக்கையின் தமிழ்ப்படி என் கைக்கு வந்தது. 'விவரங்கள் அவ்வப்போது புதுப்பிக்கப்படும்' என்றிருந்த வரியில் என் பேனா நின்றது. யாரால் என்று ஓரத்தில் எழுதினேன். வாக்கியத்தில் செய்பவரைக் காணோம். மழை பெய்யும் என்பதுபோல் விவரங்களும் தாமாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் என்று அறிக்கை நம்பியது. "பாஸிவ்ல எழுதினாதான் ப்ரொஃபஷனலா இருக்கும் மேம்" என்று விக்னேஷ் சமாதானம் சொன்னார். தாராவியில் வீடு மாறுவோரும், மேலே ஓர் அறை எழுப்புவோரும், ஊருக்குப் போய் நோயாளியோடு திரும்புவோரும் இல்லாத வாரமே இல்லை. வரைபடத்தை ஒருமாதம் அப்படியே விட்டால் அது பழைய சுவரொட்டிதான்.

அம்மையார் வந்தார். திரையில் வண்ணங்கள் மாறுவதைக் கண்டு மகிழ்ந்தார். தேநீர் வந்தது. கோப்பையைக் கையில் எடுத்தபின், இதை இனி யார் புதுப்பிப்பார்கள் என்று என் கேள்வியையே அவர் ஆங்கிலத்தில் கேட்டார். பிரான்சிஸ் விக்னேஷைப் பார்த்தான். விக்னேஷ் எஸ்தரைப் பார்த்தார். விசா தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும் எஸ்தர் மஸ்கட்டுக்குப் போகிறவர் என்பதால் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்கென்று வந்து இரண்டாம் மழைக்காலத்தையும் அங்கே பார்த்துக்கொண்டிருந்த என்னை, அம்மையார் தலைமுதல் கால்வரை கனிவோடு நோக்கினார். "ஸோ, யுவர் பேக்கப் இஸ் திஸ் ஆன்ட்டி?"

ககரம்

எஸ்தர் புறப்படும் நாள் நெருங்கியது. அவருடைய இடத்துக்குச் சுனிதா என்ற மராத்திப் பெண் வந்தார். கைக்கணினி காலையில் அன்றைய வீடுகளைக் காட்டும். அதன்படியே அவர் சுற்றிவருவார். எஸ்தர் அலுவலகத்தில் அமர்ந்தபடி, இனித் தம் தலை தேவையில்லை என்று பழகிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே இருந்தது.

அப்போது ஒருநாள் செல்லத்தாய் படியேறி வந்தார். கூச்சலிடவில்லை. குழாய் மாற்ற யாரும் வரவில்லையென்றும், முன்தினம் முதல் சிறுநீர் இறங்கவில்லையென்றும், உடம்பு அனலாகக் கொதிக்கிறதென்றும் சொன்னார். அவர் முடிப்பதற்குள் எஸ்தர் பையோடு வாசலைத் தாண்டிவிட்டார். சுனிதா கைக்கணினியைக் காட்டினார். ஐந்தாம் கல்லியில் ஒரு வீடும் இல்லை. முழுக் கல்லியும் வெறும் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

நடந்தது இதுதான். குடியிருப்போர் வெளியேறிய வீடுகளுக்குச் செவிலியர் வீணாக அலையக்கூடாது என்று, காலி என்ற சொல் உள்ள பதிவுகளை அவர்களுடைய அன்றாடச் சுற்றிலிருந்து நீக்கும்படி விக்னேஷ் கணினிக்குக் கட்டளையிட்டிருந்தார். நல்ல எண்ணந்தான். மற்றக் கல்லிகள் நான் கையால் திருத்தியபடியே இருந்தன. ஐந்தாம் கல்லியை மட்டும், அந்தச் சிவப்புப் புள்ளியைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுப்பதற்காக, அவர் ஆங்கில எழுத்தில் மறுபடியும் பதிந்திருக்கிறார். கணினி அதைத் தன் வேகமான தமிழில் ஐந்தாம் காலி என்று மறுபடியும் எழுதியது. பிறகு தான் எழுதியதைத் தானே படித்து, அங்கே ஆளில்லை என்று முடிவுகட்டிவிட்டது. இந்தியில் நான்கெழுத்துகள் செய்யும் வேலையைத் தமிழில் ககரம் ஒன்றே செய்கிறது. இந்தியில் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் கல்லியும் காலியும் தமிழில் அந்த ஒன்றிலேயே தொடங்குகின்றன. வாசிப்பவருக்கு அது இடர்ப்பாடு அன்று. வாசிக்காதவர்கள்தான் இங்கே முடிவெடுத்திருந்தார்கள்.

இவ்வளவையும் பிரான்சிஸும் நானும் திரையில் கண்டுபிடித்து, காலி என்று பதிவாகிவிட்டதால்தான் யாரும் வரவில்லை என்று செல்லத்தாயிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நாங்க எங்கயும் காலி பண்ணல டீச்சர். அவுக உள்ளதான் கெடக்காவ."

காலம்

எஸ்தர் குழாயை மாற்றி, செல்லத்தாயின் கணவரை ஏணி வழியாகத் துணியில் கிடத்தி இறக்கி, மாநகராட்சி மருத்துவமனையில் சேர்த்தார். பை தைக்கும் கூடத்தார் தையலை நிறுத்திவிட்டுக் கைகொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று செய்தி வரும்வரை அலுவலகத்தில் ஒருவரும் திரைப்பக்கம் திரும்பவில்லை. விக்னேஷ் மருத்துவமனை வராந்தாவிலேயே இருந்தார் என்பதை எஸ்தர்தான் எனக்குச் சொன்னார்.

விக்னேஷ் திரும்பி வந்ததும் மூன்று விதிகள் சொன்னேன். ஒரு வீடு காலி என்றால், அதைக் கண்ணால் பார்த்து வந்தவரின் பெயர் பக்கத்தில் இருக்க வேண்டும். பெயரில்லாமல் எந்த வீடும் சுற்றிலிருந்து நீங்கக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் செவிலியர் வரைபடத்தின் முன் அமர்ந்து, அவ்வாரம் மாறியதைத் தம் வாயால் சொல்லித் திருத்த வேண்டும். கடவுச்சொல் மூவரிடம் இருக்க வேண்டும். அது அறிவிப்பாகவே ஆனாலும் பரவாயில்லை. விக்னேஷ் ஒன்றையும் மறுக்கவில்லை. கல்லியையும் காலியையும் நான் மட்டும் எப்படிக் குழப்பிக்கொள்வதில்லை என்று கேட்டார்.

"அங்கே யார் இருக்கிறார் என்று தெரிந்தால் குழப்பம் வராது" என்றேன்.

அதையும் கணினிக்குள் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். அட்டவணையை இப்புறமும் அப்புறமும் நகர்த்தித் தேடினார். அட்டவணையின் நெடுவரிசையை அவர்கள் ஆங்கிலத்திலேயே காலம் என்பார்கள் என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. ஆயினும் அவர் நிமிர்ந்து சொன்னதை நான் என் மொழியில்தான் கேட்டுக்கொண்டேன். "அதுக்குன்னு தனியா ஒரு காலம் இல்லையே மேம்."

நிகழ்காலம்

கொடையாளரின் பணம் சொன்னபடியே முடிந்தது. விக்னேஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். சுவரை அடைத்த திரையில் இப்போது கிரிக்கெட் போட்டிகள் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. வரைபடம் பழைய கணினியொன்றில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் சுனிதா தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்து சொல்ல, பிரான்சிஸ் கொட்டாவி விட்டபடி தட்டெழுத, நான் பிழை திருத்துகிறேன். மான்குர்த்திலும் சீத்தா கேம்ப்பிலும் உள்ள எங்கள் கிளைகள் தங்களுக்கும் இதுபோல் ஒரு மேப்பு வேண்டுமென்கின்றன. தங்களிடம் ஓய்வு பெற்ற ஆசிரியர் எவரேனும் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கும்படி பிரான்சிஸ் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறான். எஸ்தர் மஸ்கட்டிலிருந்து அவ்வப்போது வரைபடத்தைத் திறந்து பார்க்கிறார். கடவுச்சொல் அறிந்த மூவரில் அவரும் ஒருவர். ஐந்தாம் கல்லியில் தண்ணீர்த் தொட்டி இடம் மாறியதை எங்களுக்கு முன்பே கேள்விப்பட்டு, எங்களை அங்கிருந்தே கடிந்துகொண்டார்.

போன தவணைக்குச் சுனிதாவுடன் நானும் போயிருந்தேன். என் முழங்கால் ஏணிக்கு இசையாது என்பதால் கீழேயே நின்றுகொண்டேன். சுனிதா ஒரு கையில் கைக்கணினியும் தோளில் மருந்துப் பையுமாக, புள்ளி சரியான கூரையின்மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே முதற்படியில் கால் வைத்தார். மேலேயிருந்து செல்லத்தாய் எட்டிப் பார்த்தார். உள்ளே அவர் கணவர் வானொலியை யாரோ நிறுத்திவிட்டதாக முணுமுணுத்துக்கொண்டிருப்பது கீழே கேட்டது. "மேப்பு பாத்துட்டா ஏறுத? அந்தப் பெட்டிய மொதல்ல மடக்கிப் பையில போடு. ஏணிக்கு ரெண்டு கையும் வேணும்."

நிலைக்கத்தக்க அமைப்பு என்று அன்று நான் திருத்திச் சொன்னது எதை என்பது இப்போது எனக்குப் புரிகிறது: வெள்ளிதோறும் யாரேனும் ஒருவர் எரிச்சலோடு வந்து உட்காருவதுதான் அது, அந்த இரண்டு வாரமோ இன்னும் முடிந்தபாடில்லை.